மனச்சோர்வுக்கு இணையவழி சிகிச்சை: முதல் ஆறு வாரத்தைத் தாண்டுவது எப்படி?

மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம், பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் சிகிச்சை அறுந்துபோவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வரலாம். மனசு கொஞ்சம் தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். தொந்தரவு முன்னால் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. ஏற்கெனவே நம்பிக்கை இழந்து கிடப்பவர், "இதுவும் நமக்குச் சரிப்படல" என்று பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் போவதில்லை.

வீடியோ காலில் மருத்துவரைப் பார்ப்பதன் பெரிய லாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. பத்தாம் நாளில் வீட்டிலிருந்தே பத்து நிமிடம் பேசினால், நிறுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்லாத மாத்திரை நிற்காது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. மனநலத்துக்காக இயங்கும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-லேயே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஆலோசனை அறையாக மாற்றி ஊர் ஊராக அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள்ளே, மருத்துவர் சென்னையில், நடுவில் திரை. மருந்தும் அதே பேருந்தில் கிடைத்தது. இன்று அந்த வேலையை ஒரு சாதாரண செல்போன் செய்கிறது. ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இது மனச்சோர்வுதானா?

மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் ஆசையும் ஈடுபாடும் அற்றுப்போவது, தூக்கம் கெடுவது அல்லது எந்நேரமும் தூங்குவது, பசியும் எடையும் மாறுவது, ஓயாத அசதி, கவனம் நிற்காதது, தன்னைத்தானே பழித்துக்கொள்வது, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம். அவை இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் இருந்து, வேலையையோ வீட்டையோ படிப்பையோ கெடுத்தால் அதை மனச்சோர்வு என்கிறார்கள். நெருங்கியவர் இறந்த துக்கத்திலும் இவற்றில் சில இருக்கும். அங்கே துக்கம் அலையலையாக வந்து போகும், நடுவே பழைய கதை பேசிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி அடைபட்டுப்போகிறது.

நம் ஊரில் யாரும் "சோகமாக இருக்கிறேன்" என்று ஆரம்பிப்பதில்லை. "உடம்பெல்லாம் வலி", "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "சோறு இறங்கல", "கேஸ் தொந்தரவு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஈசிஜி நார்மல், ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோப்பி நார்மல். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது, பிறகு தூக்கம் இல்லை, காலையில் எழுந்திருக்கவே மலைப்பாக இருக்கிறது, சாயங்காலம் ஆனால் கொஞ்சம் லேசாகிறது. இந்த வரிசை தெரிந்தால் இன்னொரு ஸ்கேனுக்கு முன்னால் மனநல மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். ஆண்களிடம் இது எரிச்சலாகவும், அதிகமாகும் குடியாகவும் வெளிப்படுவது சகஜம். வீட்டில் அதை "கோவக்காரன்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் உண்டு. தமிழிலும் கிடைக்கிறது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5-லிருந்து லேசானது, 10-லிருந்து மிதமானது, 15-லிருந்து மிதமானதைத் தாண்டியது, 20-லிருந்து தீவிரம். இது நோயை முடிவு செய்யும் கருவி அல்ல. தைராய்டு குறைவோ ரத்தசோகையோ இருந்தாலும் எண் ஏறும். இதன் உண்மையான பயன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுத் தேதியோடு எழுதி வைப்பதில் இருக்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்டால் "பரவாயில்ல டாக்டர்" என்றுதான் வாய் சொல்லும். 18 என்பது 12 ஆனதா, 18-லேயே நிற்கிறதா என்று எண் சொல்லிவிடும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவானாலும், முதல் வேலையாக அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் ஆலோசனைக்கு முன்பே டிஎஸ்எச் (தைராய்டு), ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 பார்த்து வைத்துக்கொண்டால் ஒரு சுற்று மிச்சம். வயதானவர்களுக்கு சோடியமும் பார்க்க வேண்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்தவர். இவரால் மருந்து எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் பேச்சு சிகிச்சை தருவார், மருந்து எழுத முடியாது. அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். "கவுன்சிலர்" என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்றைய நிலைமை. இரண்டு மாத ஆன்லைன் சான்றிதழோடு கடை விரித்தவர்கள் இருக்கிறார்கள். படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதே எண்ணை "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் அரசு நடத்துகிறது. எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது உங்கள் மாவட்டத்தின் மனநலத் திட்டத்துக்கு அனுப்புவார். முதல் அழைப்பிலேயே மருந்துச்சீட்டு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926-ஐ அழைக்கலாம்.

தனியார் ஆப் வழியாகப் போவதென்றால் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அடுத்த தடவையும் இதே டாக்டரைப் பார்க்க முடியுமா?" முடியாது, அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவர்தான் என்றால் அந்த இடம் வேண்டாம். மனச்சோர்வு சிகிச்சையில் பாதி வேலை, முந்தின வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் புது முகம் என்றால் ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், மாத்திரை மாறிக்கொண்டே இருக்கும், எதற்கும் ஆறு வாரம் கிடைக்காது. மூன்று மாதப் பேக்கேஜை முன்பணமாக வாங்கும் இடங்களையும் தவிர்க்கலாம். முதல் ஒரு ஆலோசனைக்கு மட்டும் கட்டுங்கள்.

வீடியோ கால் வருமுன், கால் நடக்கும்போது

2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ விதிமுறைப்படி, மருத்துவர் உங்கள் பெயர், வயது, முகவரி கேட்டுத்தான் ஆக வேண்டும். பெயர் சொல்லாமல் மருந்து வாங்க முடியாது. முகவரியைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. நடுவில் ஆபத்தான நிலை வந்தால் எந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கேட்கிறார். கூடவே நம்பிக்கையான ஒருவரின் போன் நம்பரும் கேட்பார். கொடுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் கடமை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவருக்கு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே விதிவிலக்கு.

பெரிய சிக்கல் இடம். இரண்டு அறை வீட்டில், சமையலறையில் அம்மா, ஹாலில் டிவி, நடுவில் உட்கார்ந்து "செத்துப்போகலாம்னு தோணுது" என்று எப்படிச் சொல்வது? அதனால் பலர் அதைச் சொல்லாமலே வீடியோ காலை முடித்துவிடுகிறார்கள், லேசான நோய் என்று நினைத்து மருத்துவரும் சீட்டு எழுதிவிடுகிறார். மொட்டை மாடி, நிறுத்திய கார், நண்பரின் அறை, எதுவும் சரி. ஹெட்போன் கட்டாயம், அப்போதுதான் மருத்துவரின் கேள்வியாவது வெளியே கேட்காது. பேச முடியாததை முன்கூட்டியே எழுதி சாட்டில் அனுப்பலாம். ஆரம்பத்திலேயே "டாக்டர், வீட்ல ஆள் இருக்காங்க, ஆமா இல்லன்னு மட்டும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டால் அவர் கேள்வியை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். போனைக் கையில் பிடிக்காமல் எங்காவது சாய்த்து வையுங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும். முகபாவம், கை நடுக்கம், பேச்சின் வேகம் எல்லாம் அவருக்குத் தகவல். முதல் ஆலோசனை ஆடியோவில் மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அரைப் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி, எடை குறைந்ததா, என்ன வேலை செய்ய முடியவில்லை, குடி உண்டா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் அல்லது தற்கொலை முயற்சி, கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா. இன்னொன்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும்: எப்போதாவது சில நாட்கள் தொடர்ந்து, தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்து, ஓயாமல் பேசி இருந்ததுண்டா? உண்டு என்றால் அது மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த உற்சாகப் பக்கம் தூக்கி அடிக்கும். அவசரத்தில் முடியும் ஆன்லைன் ஆலோசனைகளில் தவறிப்போகும் பெரிய விஷயம் இதுதான்.

சீட்டு வந்ததும்

மருத்துவரின் பெயர், பதிவு எண், தேதி, மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு என்பது சீட்டில் இருக்க வேண்டும். பிடிஎஃப் சீட்டு செல்லும். ஆனால் மெதில்பெனிடேட், கெட்டமைன் போன்ற, கடுமையான கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை இணையவழியில் எழுதத் தடை. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. தூக்க மாத்திரை எழுத ஒருவர் மறுத்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

மனச்சோர்வுக்கு வழக்கமாக முதலில் எழுதுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூக்செட்டின் போன்றவை. எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்குப் போவதும், செர்ட்ராலின் 25-ல் தொடங்கி 50-க்குப் போவதும் பரவலான வழக்கம். இவை போதை மருந்தும் அல்ல, தூக்க மருந்தும் அல்ல.

அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். நம் நாட்டில் எஸ்சிட்டலோபிராமோடு குளோனசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை தாராளமாக எழுதப்படுகிறது. பிராண்ட் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், பின்னால் "பிளஸ்" போல ஒரு சொல் மட்டும் ஒட்டியிருக்கும். குளோனசெபாம் முதல் நாளே படபடப்பை அடக்கும், தூக்கம் வரும், அதனால் மருந்து உடனே வேலை செய்கிறது என்று தோன்றும். அது சில வாரத்துக்குத்தான். மாதக்கணக்கில் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். சேர்க்கை மாத்திரை எழுதப்பட்டிருந்தால், "இதில் குளோனசெபாம் எத்தனை வாரம் டாக்டர், எப்போ தனி மாத்திரைக்கு மாறணும்?" என்று அந்த வீடியோ காலிலேயே கேளுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதல் வாரம்: குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கம் கலைவது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். மயக்கமாக இருந்தால் இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கூடச் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் வேறு ஆபத்து. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு, குறிப்பாக நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். திடீரென்று குழறுவது, தடுமாறுவது, ஆளே மாறிப்போவது என்றால் "வயசாயிடுச்சு" என்று விடாமல் அன்றைக்கே சோடியம் பாருங்கள்.

பத்தாம் நாள்வாக்கில் இரண்டாவது வீடியோ காலை முதல் காலின்போதே புக் செய்துவிடுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் தானாகப் போனை எடுத்துப் புக் செய்வார் என்று நம்பக் கூடாது, அந்த முனைப்பு இல்லாததுதானே நோய். இந்தக் காலகட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: உடம்பில் தெம்பு வருவது மனம் தெளிவதற்கு முன்னால் நடக்கலாம். இதுவரை எழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தவருக்கு எண்ணம் மாறாமலே தெம்பு மட்டும் வந்தால் அது அபாயமான இடைவெளி. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டில் ஒருவர் கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டை நோயாளியின் கையில் இல்லாமல் குடும்பத்தாரிடம் இருக்கட்டும். பூச்சிமருந்து, எலிமருந்து, வீட்டில் தேங்கிய பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். அவரை நம்பாததாக இதற்கு அர்த்தமில்லை. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது.

நான்காம் வாரம், சரியான அளவில் தினமும் சாப்பிட்டும் பிஎச்க்யூ எண் அசையவே இல்லை என்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று பேச வேண்டிய நேரம். ஐந்து புள்ளி இறங்கியிருந்தால் வேலை செய்கிறது, பொறுங்கள். பாதியாகக் குறைந்தால் நல்ல பலன். ஐந்துக்குக் கீழே வந்தால்தான் குணம். பலர் 10-க்குக் கீழே வந்ததுமே "இதுபோதும்" என்று இருந்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் அறிகுறிதான் மறுபடி வருவதற்கு வழி.

பாலுறவில் ஆர்வம் குறைவது, உச்சம் தாமதமாவது ஆகியவையும் இந்த மருந்துகளால் வரும். கேட்கக் கூச்சப்பட்டு மருந்தையே விட்டவர்கள் ஏராளம். சாட்டில் ஒரு வரி எழுதினால் போதும், மாற்று வழிகள் உண்டு.

பேச்சு சிகிச்சை

லேசான மனச்சோர்வுக்கு மருந்தில்லாமல் இதுவே போதுமானதாக இருக்கலாம். மிதமானதற்கு இரண்டில் ஒன்று, தீவிரமானதற்கு இரண்டும். வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம், எட்டு முதல் பதினாறு அமர்வு என்பது வழக்கமான கணக்கு. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வீடியோவிலும் நன்றாக வேலை செய்கிறது. அறிவுரை மட்டுமே சொல்லி, வீட்டுப்பாடம் எதுவும் தராமல் ஐந்து அமர்வு ஓட்டுபவர் சிகிச்சை தரவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார். தானாகப் படித்துச் செய்யும் ஆப்களும் உண்டு. வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதர் விசாரிக்கும் ஏற்பாடு இருப்பவையே கூடுதல் பலன் தருகின்றன. மற்றவற்றில் பாதியில் விட்டுவிடுபவர்கள் அதிகம்.

வீட்டுப்பாடம் எப்படி இருக்கும்? ஒரு நாளை மணி மணியாகப் பிரித்து, சிறிய செயல்களை நேரத்தோடு எழுதுவார்கள். "காலை 6:45, வாசல் திண்ணையில் பத்து நிமிடம். 7:30, குளியல். 11:00, அக்காவுக்குப் போன், ஐந்து நிமிடம். சாயங்காலம் 5:30, தெருமுனைக் கடை வரை நடை." ஒவ்வொன்றுக்கும் எதிரே, செய்ததும், எவ்வளவு பிடித்திருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு எண். ஆரம்பத்தில் எல்லாம் 1, 2 என்றே இருக்கும். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. செய்த பிறகு மெதுவாக வரும், அதுதான் இந்த முறையின் அடிப்படை. ஒரு மணி நேர நடை என்று முதல் நாளே எழுதிக்கொடுத்தால் தோற்பது உறுதி. தோற்றால் பழி மறுபடி தன்மேல் விழும்.

வீடியோ போதாத இடங்கள்

திட்டமிட்ட தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், சாப்பாடு தண்ணீரை விட்டது, பேச்சே நின்றது, பிரசவமான சில நாட்களில் தாயின் நடத்தை தலைகீழாக மாறியது, குடியை நிறுத்தியதும் நடுக்கமும் பிதற்றலும் வந்தது. இவற்றில் எதுவானாலும் நேரில் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. நேரம் இல்லாவிட்டால் 108. அந்த இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அல்லது தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பின் 044-24640050. தற்கொலை முயற்சி செய்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து வீட்டிலேயே வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

நிறுத்தும் காலம்

குணமான நாளிலிருந்து எண்ணி, அதே அளவில் இன்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். இது இரண்டாவது, மூன்றாவது முறை என்றால் இரண்டு வருடம் வரையோ அதற்கு மேலோ சொல்வார்கள். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு எல்லாம் வரும். பரோக்செட்டின், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது அதிகம், ஃப்ளூக்செட்டினில் குறைவு. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்று பலர் இதை வைத்துத்தான் பயப்படுகிறார்கள். மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலோருக்கு லேசாகவே கடந்துபோகும். பரீட்சை, கல்யாண வேலை, ஊர் மாற்றம் இருக்கும் மாதங்களில் குறைக்க ஆரம்பிக்க வேண்டாம். குறைக்கத் தொடங்கியதிலிருந்து முழுசாக நிறுத்தி ஆறு மாதம் வரை, மாதம் ஒருமுறை பிஎச்க்யூ-9 போடுங்கள். எண் 10-ஐத் தொட்டாலோ, விடியற்காலை விழிப்பு ஒரு வாரம் தொடர்ந்து திரும்பினாலோ, பழைய சீட்டை வைத்து நீங்களாக மாத்திரை வாங்காமல் அதே மருத்துவரிடம் அந்த வாரமே நேரம் கேளுங்கள்.